பதினாறு இஞ்ச் கேட்டவர்

பெரிதாகக் கேட்பவர்களை நமக்குப் பிடிக்கும். பெரிய வீடு, பெரிய பதவி, சுவரை அடைக்கிற டி.வி. கேட்டது கிடைக்கிறதோ இல்லையோ, ஆள் முன்னேறத் துடிக்கிறான் என்று ஒரு மரியாதை கிடைத்துவிடும். சின்னதாகக் கேட்பவன் மேல்தான் சந்தேகம். எதையோ ஒளிக்கிறான், எங்கேயோ விற்றுவிட்டான், அல்லது மறை கழன்றுவிட்டது. அப்படிப்பட்ட உலகத்தில் ஒருவர், ஆபீஸ் வண்டிக்கு இப்போது இருப்பதைவிடச் சின்னச் சக்கரம் வேண்டும் என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவருக்கு ஆபீசில் பெயர் 'பதினாறு'. சுகாதாரத் துறையில் டிரைவர். கொஞ்சம் கூன், நிறையப் பேச்சு. ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் கேட்பவர் ஓடிப்போகும் வரை விடமாட்டார். ஓடினால் பின்னால் நடந்தே வருவார். நல்லவர் என்று சொல்லலாம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடைக்காத வகை நல்லவர்.

ஊரின் தார் ரோடு ஓரிடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துவிடும். அதற்கப்புறம் மணல். மேடும் பள்ளமுமாக, அரை நாள் ஓட்டினாலும் தீராத மணல். அதன் மறுபக்கத்தில் ஒரு குடியிருப்பு, குடியிருப்பில் இரண்டே அறை உள்ள மருத்துவ நிலையம், அதில் ஒரே ஒரு நர்ஸ். எல்லாருக்கும் அவர் 'நர்ஸம்மா'. பதினாறுக்கு மட்டும் மனைவி.

அவரை முதன்முதலாக வேலையில் சேர்க்க வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதே இவர்தான். பாதி வழியில் நர்ஸம்மா, "இங்கல்லாம் மனுஷங்க இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். "இருக்காங்க, ஆனா கம்மியாப் பேசுவாங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். "அப்ப நீங்க அந்த ஊரு இல்ல" என்றாராம் அவர். மாற்று ஆள் வந்ததும் திருப்பி அனுப்புகிறோம் என்றது ஆபீஸ். மாற்று ஆள் வரவில்லை, கல்யாணம் வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் மாற்று ஆள் வரவில்லை. அந்த இடத்தின் பெயரைக் கேட்டதுமே நர்ஸ்கள் எல்லாருக்கும் திடீரென்று முதுகு வலி வந்துவிடும்.

ஆகவே இவர்களுடைய குடும்பம் வியாழக்கிழமைகளில் நடந்தது. வியாழன் காலையில் மருந்துப் பெட்டிகளையும் தடுப்பூசிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் போய்ச் சேருவார். வெள்ளிக்கிழமை காலையில் திரும்புவார். நடுவில் ஒரு ராத்திரி. அதற்குள் சண்டை போட்டு, சமாதானமாகி, குழாய் ரிப்பேர் பார்த்து, வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சையும் பேசி முடிக்க வேண்டும். நம்மில் பலர் வாரம் முழுக்க ஒரே வீட்டில் இருந்து இதில் பாதிகூடச் செய்வதில்லை.

அப்போது இருந்தது பழைய வண்டி. கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும், ஹாரன் தன் இஷ்டத்துக்கு அடிக்கும். ஆனால் அதன் டயர் குண்டு டயர். தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிடுவார். பிறகு மணலில் இறங்கி, உருட்டினாற்போலப் போய்விடுவார்.

சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சுலபமாக மணலைத் தாண்டும் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். மணலுக்கு அது தெரியாது. டயர் விறைத்துக்கொண்டு போனால் மணல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்றை இறக்கினால், சாப்பிட்டுவிட்டு பெல்ட்டைத் தளர்த்திய ஆள் போல டயர் சாய்ந்து படுத்துக்கொள்ளும். தரையில் நீளமாகப் பதியும். வண்டி புதையாமல் மேலாகப் போகும். ஆனால் படுத்துக்கொள்ள ரப்பர் வேண்டுமே. நடுவில் இருக்கும் ரிம் சின்னதாக இருந்தால்தான் அதைச் சுற்றி ரப்பருக்கு உயரம் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் டயரின் மொத்த உயரம் அதேதான். உள்ளே இரும்பு குறைகிறது, ரப்பர் கூடுகிறது. விஷயம் இவ்வளவுதான். இதை ஆபீசுக்குப் புரியவைக்கப் போய்த்தான் ஒரு மனிதருடைய குடும்பம் மணலில் மாட்டிக்கொண்டது.

புது வண்டி வந்தது. வெள்ளை நிறம், உள்ளே ஏ.சி., கீழே இருபது இஞ்ச் அலாய் வீல். கண்ணாடி மாதிரி பளபளக்கும். குனிந்தால் தலை சீவிக்கொள்ளலாம். ரப்பரோ, கண்ணுக்கு மை தீட்டினாற்போல ஓரத்தில் ஒரு கோடு. ஆபீஸ் முழுக்க வெளியே வந்து நின்று படம் எடுத்துக்கொண்டது.

"யோவ், இதுல போய் இறங்கினா உங்க வீட்டம்மா உன்ன டாக்டர்னு நெனச்சு எந்திரிச்சு நிப்பாங்க" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"முதல்ல போய் இறங்கணுமேண்ணே" என்றார் நம்மவர், டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டே.

இறங்கவில்லை. முதல் வியாழனே, இறக்க ரப்பர் இல்லையே என்று காற்றை இறக்காமல் போய்ப் பார்த்தார்; கதவு வரைக்கும் புதைந்தது. தோண்டி எடுத்து, காற்றை இறக்கிப் பார்த்தார். கொஞ்ச தூரத்திலேயே டயர் ரிம்மை விட்டுக் கழன்று தனியாகப் படுத்துக்கொண்டது. ஏ.சி. மட்டும் நன்றாக வேலை செய்தது. குடியிருப்பில் போன் சிக்னல் மொட்டை மாடியில்தான் கிடைக்கும். நர்ஸம்மா மாடியேறி நின்று கூப்பிட்டார்.

"எங்க இருக்கீங்க?"

"மணல்ல."

"மணல்ல எங்க?"

"ஆரம்பத்துல."

"எப்ப வருவீங்க?"

"வண்டி வராது போலருக்கு."

"நான் வண்டியக் கேக்கல" என்றார் நர்ஸம்மா.

பழைய வண்டியையாவது திரும்ப எடுக்கலாம் என்றால், அதை ஏலத்தில் ஒரு கோழி வியாபாரி வாங்கிப் போயிருந்தார். அந்தக் குண்டு டயர்கள் இப்போது தார் ரோட்டில் கோழிகளைச் சொகுசாகச் சுமந்துகொண்டிருந்தன.

அதிகாரியிடம் போனார். அதிகாரி கெட்டவர் இல்லை. மேஜையில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே குடும்பப் படம், அதற்கு மேலே டீ. எதையும் உடனே மறுக்கமாட்டார், முதலில் சிரிப்பார்.

"சார், புது வண்டிக்குப் பதினாறு இஞ்ச் வீல் வேணும்."

"இப்ப எவ்வளவு?"

"இருபது சார்."

அதிகாரி மனசுக்குள் கழித்துப் பார்த்தார். "நாலு குறையுதே. அந்த நாலு எங்க போகுது?"

"எங்கயும் போகல சார். இரும்பு குறைஞ்சு ரப்பரா வருது."

"நாலு இஞ்ச் இரும்பு ரப்பரா மாறுதுன்னு நான் மேல எழுதணும். அப்படித்தானே?"

"சார், நான் வேணா ஒரு தடவை—"

"இங்க பாருய்யா. முப்பது இஞ்ச் கேளு, எதுக்குன்னுகூடக் கேக்காம எழுதித் தர்றேன். சின்னதாக் கேட்டா, இவன் பெருசை எவனுக்கோ வித்துட்டான்னு என்னையும் சேர்த்து விசாரிப்பாங்க."

அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது. கேண்டீனில் நுழைந்தால், "பதினாறு வருது, வழி விடுங்கப்பா." டீ கேட்டால், "பதினாறுக்குச் சின்ன கிளாஸ்ல குடு, பெருசு ஆகாது." மனைவியைப் பிரிந்திருக்கும் மனிதரிடம் அளவு பற்றிச் சொல்லக்கூடிய எல்லா ஜோக்கையும் சொன்னார்கள். அவற்றில் அச்சில் ஏற்றக்கூடியவை இரண்டுதான், மேலே கொடுத்திருக்கிறேன்.

மருந்து மட்டும் வாடகை டிராக்டரில் மாதம் ஒரு முறை போயிற்று. டிராக்டருக்கு டிரைவர் இருக்கும்போது இவர் எதற்கு என்றது ஆபீஸ். லீவு போட்டு மூட்டையோடு மூட்டையாக ஏறிப் போய்ப் பார்த்தார். கொஞ்ச நாளில் லீவும் நின்றுபோயிற்று. வாரத்துக்கு ஒரு ராத்திரியாக இருந்த குடும்பம் மொட்டை மாடிப் பேச்சாகச் சுருங்கியது. அதுவும் காற்று அடித்தால் கேட்காது.

"இன்னிக்கு என்ன பண்ணீங்க?" என்பார் நர்ஸம்மா.

"அதிகாரிகிட்ட மறுபடியும் கேட்டேன்."

"வேற ஏதாவது பேசுங்களேன்."

வேறு பேச்சு அவரிடம் இல்லை. அதுதான் அவருடைய குறை. சக்கரம் வந்தால் மனைவி வந்துவிட்ட மாதிரி என்று எண்ணி, மனைவியிடமே சக்கரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நர்ஸம்மா முதலில் சண்டை போட்டார். பிறகு 'உம்' கொட்டினார். பிறகு, "ஆள் காத்துட்டு இருக்காங்க, வெச்சிடட்டா?" என்று சீக்கிரம் கீழே இறங்கப் பழகிக்கொண்டார்.

ஊரில் டயர் கடை வைத்திருந்த அக்கா ஒருவர் மட்டும் இவர் பேச்சை முழுசாகக் கேட்பார். கடையை விட்டு ஓட முடியாதது ஒரு காரணமாக இருக்கலாம். காற்று பார்க்கும் மீட்டரை டாக்டர் மாதிரி கழுத்தில் தொங்கப் போட்டிருப்பார்.

"வண்டிய ஒரு நாள் இங்க ஓட்டிட்டு வா தம்பி. பழைய பதினாறு ரிம் ஒண்ணு கெடக்கு. மாட்டிப் பாத்துட்டு அப்புறம் ஆர்டர் போடுவோம்."

"அதெல்லாம் வேணாங்க்கா. பழைய வண்டியில பதினாறுதான். இதுலயும் அதே போல்ட்டு, அதே இடைவெளி. அளந்துட்டேன்."

"வெளிய அளந்துருக்க. உள்ள குனிஞ்சு பாத்தியா?"

"உள்ள என்னக்கா இருக்கப் போகுது? நான் எத்தனை வருஷமா வண்டி ஓட்டுறேன்."

அக்கா மீட்டரைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சரி. ஓட்டுறவன் நீ."

அனுமதி கிடைத்தது. யாருக்காவது புரிந்துவிட்டதனால் அல்ல. ஒரு நாள் அதிகாரியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த இருபது இஞ்சக் கழட்டினா என்ன பண்ணுவ?"

"ஸ்டோர்ல வெச்சிடலாம் சார்."

"ஸ்டோர்ல வெச்சா துரு பிடிச்சிருமே."

"அலாய் சார், பிடிக்காது."

"பிடிக்கும்யா" என்றார் அதிகாரி, கண்ணாடிக்குக் கீழே இருந்த குடும்பப் படத்தைப் பார்த்துக்கொண்டு. படத்தில் அவருடைய மருமகன் அதே கம்பெனி வண்டி ஒன்றின் மேல் கை போட்டு நின்றுகொண்டிருந்தார். "பாதுகாப்பா ஒரு எடத்துல வெக்கணும். நான் பாத்துக்கறேன்."

மறுநாளே கையெழுத்தாயிற்று. நாலு பதினாறு இஞ்ச் ரிம்மும், அதற்கேற்ற குண்டு டயரும் ஒரு புதன்கிழமை வந்து இறங்கின. நம்மவர் போன் செய்தார். நர்ஸம்மா மாடியில் இல்லை; மறுபடியும் செய்து, மறுபடியும் செய்து பிடித்தார்.

"நாளைக்கு வர்றேன்."

"லீவு குடுத்துட்டாங்களா?"

"லீவு எதுக்கு? வண்டியில வர்றேன். சக்கரம் வந்தாச்சு!"

எதிர்ப்பக்கம் நர்ஸம்மா காற்று படாத மூலைக்கு நகர்ந்தார். பிறகு, "வரும்போது தலையணை ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஒண்ணுதான் இருக்கு" என்றார். அந்த வருஷத்தில் அவர் கேட்ட முதல் பொருள் அது.

மறுநாள் ஆபீஸ் வாசலில் கூட்டம். டயர் கடை அக்கா ஜாக்கியோடு வந்திருந்தார். பின்சக்கரம் இரண்டும் செய்து வைத்த மாதிரி ஏறின. நம்மவர் திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். ஸ்டோர் கீப்பரைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்தார்கள். பாதியில் நின்றது. திருப்பி வைத்தார்கள். 'கிர்ர்' என்றது. அக்கா படுத்து உள்ளே பார்த்தார்.

"இடிக்குது தம்பி."

"எங்க இடிக்குது? நல்லாத் தட்டுங்கக்கா."

"தட்டித் திறக்க இது கதவா? பிரேக்கு. அதப் பிடிக்கிற காலிப்பரு பெருசா இருக்கு. புது வண்டி கனம்ல, அதான் பெரிய பிரேக்காப் போட்டு அனுப்பிருக்கான். பதினாறு ரிம்முக்குள்ள அது அடங்காது."

நம்மவர் குனிந்து பார்த்தார். வருஷக்கணக்கில் பேசிய அந்தச் சக்கரத்துக்குள் அவர் எட்டிப் பார்த்தது அப்போதுதான். சாம்பல் நிறத்தில், முஷ்டி மாதிரி ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது.

"பிரேக்கக் கழட்டிட்டு ஓட்டிப் போய்யா" என்றார் ஸ்டோர் கீப்பர். "மணல்ல பிரேக்கு எதுக்கு? தானாத்தான நிக்குது!"

சிரிப்பு ஓய்வதற்குள் அக்கா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை. "பதினேழு போட்டிருந்தா உக்காந்துருக்கும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

நம்மவர் அதிகாரி அறைக்கு நேராக ஓடினார். அங்கே ஏற்கெனவே புழுக்கம். இருபது இஞ்ச் வீல்கள் காலையிலேயே 'பாதுகாப்பான' இடத்துக்குப் போய், மருமகன் வண்டியில் மாட்டியாகிவிட்டது. இப்போது கழற்றிக்கொண்டு வர வேண்டும். மருமகன் போனில் மாமனாரை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"சார், பதினேழு இஞ்ச் வேணும் சார்."

அதிகாரி போனை வைத்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "நேத்து வரைக்கும் பதினாறு. இன்னிக்குப் பதினேழு. அடுத்த மாசம் பதினெட்டும்ப. இப்படியே ஏறி ஏறி நீ கடைசியா எங்க வந்து நிப்ப? இருபதுல. அதுக்கு இருபதாவே இருந்துட்டுப் போகட்டும்."

இந்தத் தர்க்கத்தில் எங்கே ஓட்டை என்று நம்மவருக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை. வருஷக்கணக்காகப் பதினாறு, பதினாறு என்று அடித்துச் சொன்ன வாய். பதினேழு என்றால் அதை அவர் காதே நம்பவில்லை.

சாயங்காலம் போனில் நடந்ததைச் சொன்னார். நர்ஸம்மா முழுசும் கேட்டார்.

"உள்ள ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா என்ன?"

"அவசரம். உன்னப் பாக்கணும்னு அவசரம்."

"இப்ப பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அதன் பிறகு ஆபீஸ் சுறுசுறுப்பாயிற்று. வருஷக்கணக்கில் தீராத பிரச்சினையை ஒரே உத்தரவில் தீர்த்துவிட்டார்கள். மணலுக்கு மறுபக்கத்தில் இன்னொரு ஊர் இருக்கிறது. அங்கிருந்து குடியிருப்புக்குத் தார் ரோடு போட்டாயிற்று. ஆகவே மருத்துவ நிலையத்தை அந்த ஊர் ஆபீசோடு சேர்த்துவிட்டார்கள். மருந்து இப்போது வாரம் இரண்டு தடவை வருகிறது. நோயாளிகளுக்கு நல்லதுதான், அதை யாரும் மறுக்க முடியாது. நர்ஸம்மா அந்தப் பக்கத்து ஊழியர், நம்மவர் இந்தப் பக்கத்து ஊழியர் என்று ஆகிவிட்டதால், ஒரே இடத்துக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பதற்குக்கூட இனி ஒரே ஆபீஸ் கிடையாது. இங்கே போனால் அங்கே கேள் என்பார்கள். அங்கே, உங்களை எங்களுக்குத் தெரியாதே என்பார்கள்.

புது வண்டிக்கு இருபது இஞ்ச் திரும்பி வந்தது. ஊருக்குள் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது. நம்மவர் அதில் அதிகாரியைக் கூட்டங்களுக்கும், அதிகாரியின் மனைவியைத் துணிக்கடைக்கும் கொண்டுபோய் விடுகிறார். "வண்டி என்ன சொகுசு!" என்கிறார் அந்த அம்மா. "ஆமாங்க மேடம்" என்கிறார் இவர். இப்போதெல்லாம் அதற்கு மேல் பேசுவதில்லை.

போன மாதம் ஒரே ஒரு நாள் லீவு கிடைத்தது. மணலைச் சுற்றிக்கொண்டு பஸ் போகிறது. மூன்று பஸ் மாற வேண்டும். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது மருத்துவ நிலையத்தில் நல்ல கூட்டம். ஊரே காய்ச்சலில் படுத்திருந்தது. உள்ளே போய்க் கூப்பிடக் கூச்சமாக இருந்தது போல. வாசல் பெஞ்சில் வரிசையோடு உட்கார்ந்தார். வரிசை நகர நகர இவரும் நகர்ந்தார். முறை வந்ததும் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நர்ஸம்மா எதையோ எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. சும்மாதான் வந்தேன்."

குரல் கேட்டு நிமிர்ந்தார். ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்துவிட்டார்; இவரும் சிரித்தார். வரிசையில் இருந்தவர்களும், எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். அதற்குள் ஓர் அம்மா கொதிக்கிற குழந்தையை நீட்டினார். நர்ஸம்மா அதை வாங்கி மேஜையில் கிடத்தினார். "அந்தப் பக்கம் உக்காருங்க, வந்துர்றேன்" என்றார். இவர் அந்தப் பக்கம் போய், மருந்து அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் தலையணையை வைத்துவிட்டு, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். வெயில் சாய்ந்தது. நர்ஸம்மா இரண்டு தடவை வந்து பார்த்தார். ஒரு தடவை டீ கொடுத்தார். கடைசி பஸ் வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தபோதும் வரிசை தீரவில்லை. அதை விட்டால், நாளை வேலைக்குப் போய்ச் சேர முடியாது.

நர்ஸம்மா வாசல் வரை வந்தார், கையில் ஊசியோடு.

"இவ்வளவு அலைஞ்சு இனி வராதீங்க. உடம்பு கெட்டுடும். அடுத்த தடவை நான் லீவு போட்டு வர்றேன்."

"சரி. நீயே வா."

மாற்று ஆள் இல்லாமல் நர்ஸம்மாவுக்கு லீவு கிடையாது. அது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். இருந்தும் இருவரும் சட்டென்று ஒத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் அவர்கள் ஒத்துப்போனது அப்போதுதான். இவர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. "அடுத்து யாருங்க, உள்ள வாங்க" என்று கூப்பிடும் குரல் மட்டும், பஸ் கிளம்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தது.